கவிழ்த்துப் பார்க்கிற அக்கா

எங்கள் பாத்திரக் கடைக்கு வருகிறவர்கள் குடத்தைக் கையில் எடுத்ததும் விரலால் ஒரு தட்டு தட்டுவார்கள். பிறகு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அந்த அக்கா இரண்டையும் செய்யவில்லை. குடத்தைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, நாலடி பின்னால் போய்க் குந்திக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். அன்றைக்குக் கடையில் முகூர்த்தக் கூட்டம். பட்டுப்புடவை எடுத்த கையோடு பாத்திரமும் எடுக்க வந்த குடும்பங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"என்னம்மா, குடத்துல எதுனா ஓட்டையா?" என்று முதலாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"ஓட்டையெல்லாம் இல்லீங்க. காலுதான் கொஞ்சம் குட்டையா இருக்குது."

"குடத்துக்கு ஏதும்மா காலு?"

"கவுத்தா இருக்குதே."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பெயர் வெட்டுகிற மிஷினை நிறுத்திவிட்டுக் குடத்தைப் பார்த்தேன். கவிழ்ந்த குடத்தின் கழுத்து இப்போது கீழே இருந்தது. கனத்த உடம்பை ஒற்றைக் காலில் தாங்கிக்கொண்டு ஏதோ ஒன்று நிற்பது போலத்தான் தெரிந்தது. பதினோரு வருஷமாக அந்தக் கடையில் குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். குடத்துக்குக் கால் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் வந்தது புதுக் குடம் வாங்க அல்ல. எடைக்கு எடை மாற்றிக்கொண்டு போகிறவர்கள் விட்டுச் செல்லும் பழைய எவர்சில்வர், கடையின் பின்கட்டில் குவிந்து கிடக்கும். நசுங்கிய தூக்குவாளி, காது போன இட்லிப் பானை, மூடி இல்லாத சம்படம். அதில் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளத்தான் வந்திருந்தார். அதன் பிறகு மாதம் ஒரு தடவையாவது வருவார். புடவைக்கு மேல் முழுக்கைக் காக்கிச் சட்டை, கழுத்தில் மாலை போலத் தொங்கும் வெல்டிங் கண்ணாடி, முன்கையெல்லாம் கடுகு தாளித்துத் தெறித்த மாதிரி நெருப்புப் பொறி பட்ட தழும்புகள். வயது நாற்பத்தைந்து இருக்கும். வாலாஜாபாத் போகிற ரோட்டில், ஒரு மரவாடிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஜன்னல் கிரில்லும் கேட்டும் செய்துகொடுத்துக்கொண்டிருந்தார். என் பிழைப்பே பெயர் வெட்டுவதுதான். ஆனால் அக்கா தன் பெயரை எதிலும் வெட்டச் சொன்னதில்லை என்பதால் நானும் இங்கே எழுதாமல் விடுகிறேன்.

எதையும் கவிழ்த்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. டீக்கடையில் குடித்து முடித்த கிளாசைக் கவிழ்த்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு முறை என்னோடு ஆஸ்பத்திரிக்கு என் முதலாளியைப் பார்க்க வந்தவர், நர்சம்மா ஊசி போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மருந்துத் தட்டைக் கவிழ்த்துவிட்டார். பஞ்செல்லாம் தரையில். நர்சம்மா கத்தினார். அக்கா, "மன்னிச்சுக்கம்மா, இதப் பாரேன், ஆமை மாதிரி இல்ல?" என்றார். நர்சம்மா கோபத்தோடுதான் பார்த்தார். ஆனால் பார்த்தார்.

"நேரா பாத்தா பழகிடும்பா. பழகிட்டா அப்புறம் கண்ணுக்கே தெரியாது" என்பார்.

இந்தப் பழக்கத்தால் அவருக்கு வந்த வம்புகளுக்குக் கணக்கில்லை. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் தன் வீட்டுக்குக் கேட் செய்யச் சொன்னார். நடுவில் ஒரு சூரியன், சுற்றிலும் கதிர்கள் என்று பேப்பரில் வரைந்தே கொடுத்திருந்தார். அக்கா சூரியனைச் செய்தார். கதிருக்குக் கம்பிக்குப் பதில் முப்பது பழைய கரண்டிகளை வைத்தார். தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் சமையலறை இடுக்கி ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. கேட்டைச் சாத்தினால் அதுவே கப்பென்று கவ்விக்கொள்ளும். வாத்தியார் மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். "என் வீடு என்ன மெஸ்ஸா?" என்று கேட்டார். கழற்றிக்கொண்டு போகச் சொன்னார். அக்காவும் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் போனபோது கேட்டுக்கு வெளியே பத்துப் பேர் நின்றிருந்தார்கள். போஸ்ட்மேன் நாலாவது தடவையாக இடுக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். வாத்தியார் உள்ளே நின்று, "சூரியன்தான் சோறு போடறான். அதனாலதான் கரண்டி வெக்கச் சொன்னேன்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா ஸ்பானரைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார். "எனக்குக் கூட அது தோணலப்பா" என்று என்னிடம் சொன்னார். கிண்டலாகச் சொல்லவில்லை.

பழைய பாத்திர மூட்டையை வண்டியில் கொண்டுபோய்ப் போடுவதற்காக ஒருநாள் அவருடைய கொட்டகைக்குப் போனேன். முன்பக்கம் கிரில்கள் அடுக்கியிருந்தன. பின்பக்கம் போனதும் நின்றுவிட்டேன். இட்லித் தட்டுகளையே செதிலாக அடுக்கிய ஒரு மீன், என்னைவிட உயரம், வாலில் நின்றது. விரித்த குடையொன்று தொங்கியது. அதில் துணிக்குப் பதில் சைக்கிள் செயின்கள். நாற்காலி ஒன்றின் முதுகில் ஐந்து தண்ணீர்க் குழாய்கள் முளைத்து, ஐந்தும் ஐந்து பக்கம் திரும்பி, ஒன்றோடொன்று பேசாத குடும்பம் மாதிரி இருந்தன.

"இதெல்லாம் எதுக்குக்கா?" என்றேன்.

அவர் கிரைண்டரை நிறுத்தினார். "தென்னேரிப் பக்கம் எங்க வீட்டுல மொத்தமே ரெண்டு சட்டிதான். அம்மா கூலி வேலைக்குப் போவும். அந்தச் சட்டிலதான் சோறு, அதுலதான் தண்ணி மொண்டு ஊத்திக்கறது, மழை பெஞ்சா ஒழுவற எடத்துல வெக்கறது, தம்பி அழுதா தட்டித் தாளம் போடறது. ஒரு நாளும் அது வெறும் சட்டியா இருந்ததில்ல. ஒரு சாமானுக்கு ஒரே வேலன்றது வசதியானவங்க பழக்கம்பா."

சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வருத்தமாகச் சொல்லவில்லை. அந்தச் சட்டிகள் என்னென்னவாக இருந்தன என்று நினைத்து அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

எங்கள் வீட்டில் கிடந்த பாத்திரங்களைப் பற்றி அவரிடம் அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

என் தங்கை சுமதியின் கல்யாணம் இரண்டு தீபாவளிகூடத் தாங்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே வேறொரு இடத்தில் குடும்பம் இருந்தது. பெரியவர்கள் பேசி இருவரையும் பிரித்துவிட்டார்கள். சுமதி ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு வாரம் கழித்துச் சீர்ப் பாத்திரங்கள் பட்டப்பகலில் ஐந்து மூட்டையாக டெம்போவில் வந்து இறங்கின. எவர்சில்வர் இறங்குகிற சத்தத்துக்குத் தெருவே வாசலுக்கு வந்தது.

நாங்கள் நெசவுக் குடும்பம். அப்பா ஒரு தறியும் சுமதி ஒரு தறியும் போட்டிருந்தார்கள். வீட்டில் வேறு இடமில்லாததால் ஐந்து மூட்டைகளையும் தறிக்கூடத்தின் சுவரோரம் அடுக்கினோம். தறியின் ஒவ்வொரு அடிக்கும் மூட்டைக்குள் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். சுமதி நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெய்தாள். எடைக்குப் போட்டுவிடலாம் என்று நான் சொன்னபோது அம்மா அழுதாள். "பேரு வெட்டுன பாத்திரத்த எப்பிட்றா தூக்கிப் போடறது?" என்றாள். வெட்டியது நான்தான். ஐம்பத்திரண்டு உருப்படி. தங்கச்சி கல்யாணம் என்று ஒவ்வொன்றிலும் சுமதி என்று எழுதி, கீழே ஒரு சின்னப் பூவும் போட்டிருந்தேன். இப்போது அந்தப் பூவை நினைத்தால் கை கூசியது.

ஒருநாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். "அவ வேலையா வெளிய போயிருக்கறப்ப வந்து தூக்கிக்கினு போயிடுங்கக்கா. அவளுக்குத் தெரிய வேணாம்."

அக்கா என்னை முறைத்தார். "யார் பேரு வெட்டியிருக்குதோ அவங்க சொல்லட்டும். நீ யாரு?"

ஆனாலும் பார்ப்பதற்கு வீட்டுக்கு வந்தார். அம்மா அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் தண்ணீர் கொடுத்தாள். எங்களுக்கெல்லாம் டம்ளர். எனக்கு முகம் சுட்டது. அக்காவுக்கு அது புரியாமல் இருந்திருக்காது. தண்ணீரைக் குடித்தார். கப்பைக் கவிழ்த்தார். அதைத் தறிக்காலின் முனையில் தொப்பி மாதிரி மாட்டிவிட்டு, "இவருக்குக் குளுருது போல" என்றார். தறியிலிருந்த சுமதிக்குச் சிரிப்பு வந்து, நிறுத்த முடியாமல் நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்து ஒன்றரை வருஷம் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுமதியே கொட்டகைக்குப் போக வேண்டும் என்றாள். மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போனோம். அக்கா எல்லாவற்றையும் மண்ணில் கொட்டினார். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். குண்டான், அன்னக்கூடை, குடம், சொம்பு, டம்ளர் எல்லாம் வெயிலில் பளபளவென்று வயிற்றைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"சொல்லும்மா. இது இன்னாவா ஆவணும்?"

சுமதி ஒரு டம்ளரை நிமிர்த்தினாள், மறுபடி கவிழ்த்தாள். பிறகு சொன்னாள்: "என்னவா வேணா ஆவட்டும்க்கா. பாத்திரமா மட்டும் இருக்கக் கூடாது. அப்புறம், பெருசா இருக்கணும். யாராலயும் தூக்கிக்கினு போவ முடியாத மாதிரி. எந்த வீட்டுக்கும் போவக் கூடாது. திரும்பியும் வரக் கூடாது."

அக்கா தலையாட்டினார். ஒரு குண்டானையும் துளை போடுகிற மிஷினையும் அவளிடம் நீட்டினார். "எவர்சில்வர் மெல்லிசு. நெருப்பு வெச்சா ஓட்டையாயிடும். போல்ட்டு போட்டுத்தான் மாட்டணும். அடியில நடுவுல ஒரு துளை போடு."

சுமதி தன் பெயருக்குப் பக்கத்தில் மிஷினை வைத்து அழுத்தினாள். கிறீச்சென்று ஒரு சத்தம். துளை விழுந்ததும் அதன் வழியாக என்னைப் பார்த்தாள். அடுத்த குண்டானை எடுத்தாள். அதற்கடுத்தது அவளே எடுத்தது, யாரும் நீட்டவில்லை.

இரண்டு மாதம் ஞாயிறுதோறும் போனாள். வளைந்த இரும்புக் கம்பி ஒன்றை அக்கா முதுகெலும்பாகச் செய்தார். பெரிய குண்டானில் ஆரம்பித்து, அளவு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் முடிகிற வரிசையாகப் பாத்திரங்கள் கவிழ்ந்து கோத்துக்கொண்டன. எது எதற்கு அடுத்தது என்று இரண்டு பேருக்கும் சண்டை வரும். அக்கா வைத்ததைச் சுமதி எடுத்துவிடுவாள். சுமதி வைத்ததை அக்கா தள்ளிப் போய்க் குந்திக்கொண்டு பார்த்துவிட்டு, "நீ சொல்றதுதாம்மா சரி" என்பார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பக்கத்துக்கு ஒன்றாகக் கால்கள் வந்தன. கரண்டியும் ஸ்பூனும்தான் கால். கடைசியில் பதினைந்து அடி நீளத்துக்கு ஒரு மரவட்டை, வாலை லேசாகச் சுருட்டிக்கொண்டு, தலையைத் தூக்கி ரோட்டைப் பார்த்து நின்றது. ஒவ்வொரு வளையத்திலும் சுமதி, சுமதி, சுமதி. கீழே என் பூ.

அம்மா மூன்று வாரம் யாரோடும் பேசவில்லை. நாலாவது வாரம் தூக்குவாளியில் சாம்பார் சாதத்தோடு கொட்டகைக்கு வந்தாள். மரவட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அக்காவுக்குத் தட்டில் சோறு போட்டு, வீட்டிலிருந்து கொண்டு வந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அக்கா குடித்துவிட்டுக் கவிழ்த்தார். அடியில் அம்மாவின் பெயர் இருந்தது, அவள் கல்யாணத் தேதியோடு. அக்கா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அம்மா வாங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கம்மா" என்றாள்.

விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகாமல் இருக்குமா? அவனுடைய பெரியப்பா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினார். நானும் சுமதியும் அங்கேதான் இருந்தோம்.

"எங்கள ஊர் சிரிக்க வெக்கறதுக்குத்தான் இத ரோட்டப் பாத்து நிறுத்தி வெச்சிருக்கீங்களா?" என்று அவர் கத்தினார்.

அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வந்தார். "உக்காருங்கய்யா. இதுல உங்களுக்கு இன்னா தெரியுது?"

"எங்க குடும்ப மானம் தெரியுது!"

"எந்தக் குண்டான்ல?"

அக்கா கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். பெரியவரின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, அவர் பார்க்கிற கோணத்திலிருந்து தானும் பார்த்தார். பெரியவர் பதில் சொல்ல வேண்டி வந்ததால் பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர்கள் வீட்டுப் பெயர் எதிலும் இல்லை. கூட வந்த இரண்டு பேரில் ஒருவன் வாலுக்குப் பக்கத்தில் போய், "பெரிப்பா, இங்க வாயேன். பாலாடை வெச்சிருக்காங்க" என்று சிரித்துவிட்டான். பெரியவர் அவனைத் திட்டிக்கொண்டே வண்டியில் ஏறினார். ஏறுவதற்கு முன் சுமதியைப் பார்த்து நின்றார். "நீ நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார். "இருக்கேன் மாமா" என்றாள்.

சென்னையில் ஓவியக் கல்லூரியில் பாடம் நடத்துகிற ஓர் அம்மா புடவை எடுக்க வந்த இடத்தில் வாத்தியார் வீட்டுக் கேட்டைப் பார்த்திருக்கிறார். வாத்தியார் தான் சொல்லித்தான் செய்ததாக அரை மணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் மனசு கேட்காமல் அக்காவின் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா கொட்டகைக்கு வந்து, மீனையும் குடையையும் மரவட்டையையும் ஒரு சிற்பக் கண்காட்சியில் வைக்கக் கேட்டார். அக்காவுக்கு அந்த வார்த்தை புதிது. "சிற்பம்னா கோயில்ல இருக்கறது இல்ல? இது சாமான்தான்" என்றார். ஆனால் அனுப்பச் சம்மதித்தார். மரவட்டையின் பக்கத்தில் வைக்கும் அட்டையில் சுமதியின் பெயரையும் போட்டால்தான் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டார்.

கண்காட்சியின் முதல் நாள் அக்காவும் நாங்களும் வீட்டோடு போனோம். அப்பாவும் தறியை நிறுத்திவிட்டு வந்தார். குளிர்ந்த வெள்ளைக் கூடம். ஆட்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். சுமதி நேராகப் போய் மரவட்டையின் தலையில் கையை வைத்தாள்.

"மேடம், தொடக் கூடாது" என்று யூனிஃபார்ம் போட்ட செக்யூரிட்டி ஓடி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"என்னுதுதாங்க இது. பேரு பாருங்க."

"அந்தப் பேரு நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சுமதி கைப்பையிலிருந்து ஆதார் கார்டை எடுத்து நீட்டினாள். அவர் கார்டையும் குண்டானையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா அந்தக் கூடமே அதிர்கிற மாதிரி சிரித்தார். கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

செக்யூரிட்டி கார்டைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் போகவில்லை. "இதெல்லாம் கல்யாணப் பாத்திரமாம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமாங்க. திரும்பி வந்துடுச்சு."

அவர் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார். "எங்க வீட்டுலயும் இருக்குதும்மா. என் பொண்ணோடது. பரண் மேல கட்டிப் போட்டிருக்குது. பொண்ணு எங்கயாவது எடுத்துக்கினு போயிடுங்கன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கினே இருக்குது. எங்களுக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

சுமதி அவர் முகத்தைப் பார்த்தாள். அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டு, மூலையில் இருந்த செக்யூரிட்டியின் நாற்காலியை இழுத்து வந்து போட்டார். அவர் தயங்கினார். தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அக்கா எதிரில் தரையில் குந்திக்கொண்டார். சுமதியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னென்ன இருக்குது, சொல்லுங்கண்ணா."

"குடம் மூணு. அப்புறம் தட்டு, டம்ளர், ஹாட் பாக்ஸு. பித்தளைல அண்டா ரெண்டு."

"ரெண்டு அண்டாவா!" என்றார் அக்கா. அவர் கைகள் காற்றிலேயே அந்த இரண்டு அண்டாவையும் கவிழ்த்துக்கொண்டிருந்தன.